ஏறிய டோலியும் இறங்கிய டோலியும்

அன்று புறநானூற்று வகுப்பில் பேகனை நடத்திக்கொண்டிருந்தேன். குளிரில் நடுங்குகிறதென்று மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். பழனி மலைப் பக்கத்தை ஆண்டவன். “இப்பவும் அந்த மலைல மயில் இருக்கா மேம்?” என்று ஒருத்தி கேட்டாள். பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: “மயிலு இருக்கு. ரோடுதான் இல்ல. எங்க அக்காவ பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் கீழ எறக்குனாங்க.” சொன்னவள் கொடைக்கானல் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள்.

டோலி என்ற சொல்லை அதுவரை கொடைக்கானல் பற்றிய பழைய நூல்களில்தான் பார்த்திருந்தேன். அங்கே டோலியில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள். நூறாண்டுக்கும் மேல் கடந்து, அதே மலையில் வேறொருத்தி டோலியில் கீழே இறங்குகிறாள். இடையில் எத்தனை பாதைகள் வந்தன, யாருக்காக வந்தன என்று அன்றைக்குத்தான் தேடத் தொடங்கினேன்.

இந்த மலைக்குப் பாதை போட்டது வெள்ளைக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் வருமுன்பே பளியர், புலையர், குன்னுவர் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள் இருந்தன. பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் தடம் அவற்றில் ஒன்று. 1821-இல் நில அளவை செய்ய வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். அவருக்கு வழி ஏற்கெனவே இருந்தது. வழி காட்டவும் ஆள் இருந்தார்கள். 1834-இல் ராட்டன் என்ற மதுரை அதிகாரி தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூர் அருகே ஒரு பங்களா கட்டினார். சமவெளியில் நோய்க்கு உயிர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் மேலே வந்து வீடு கட்டினார்கள். கொடைக்கானல் நகரம் அப்படித்தான் தொடங்கியது.

1875-இல் மதுரை வரை ரயில் வந்ததும் அம்மையநாயக்கனூர் பக்கம் ‘கொடைக்கானல் ரோடு’ நிலையம் உண்டானது. பெயரில்தான் கொடைக்கானல், ஊர் தொலைவில், மலைமேல். நிலையத்தில் இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போவார்கள். அங்கிருந்து செங்குத்தான பாதை. திடமானவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நாற்காலியிலும் டோலியிலும் ஆள்களின் தோளில் ஏறினார்கள். டார்ஜிலிங்குக்கு 1881-இலும் சிம்லாவுக்கு 1903-இலும் ஊட்டிக்கு 1908-இலும் மலைரயில் போய்ச் சேர்ந்தது. கொடைக்கானலுக்கு அது வரவே இல்லை. அதனால் இங்கே மனிதத் தோள் கூடுதல் காலம் சுமந்தது.

அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் ‘கூலி காட்’ என்று பெயர். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் காசு. ஆங்கிலத்தில் அது ஆளையே குறித்தது. ஏரி வெட்டிய லெவிஞ்சுக்கு (1863) ஊரில் நினைவு உண்டு. 1872-இல் நடைபாதை அமைத்த கோக்கரின் பெயரை இன்றும் சுற்றுலாப் பயணிகள் சொல்கிறார்கள். முதல் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் ஏறும் மலைச்சாலை அமைந்தபோது, அதை முன்னின்று போட்ட மேஜர் லா பெயரால் அது ‘லாஸ் காட்’ ஆனது. கூலி காட்டில் மட்டும் யாருடைய பெயரும் இல்லை. சுமந்தவர்கள் ஒரு கூட்டமாகத்தான் வரலாற்றில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் நம் கண்ணுக்கு ஆண்கள்தான் தெரிகிறார்கள். அவர்கள் தோளில் நாற்காலி ஏறிக்கொண்டிருந்த நாளில் வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி எந்தப் பலகையும் பேசவில்லை.

டோலியில் அமர்ந்த வெள்ளைக்காரப் பெண்ணை ஏளனம் செய்வது என் நோக்கமில்லை. காய்ச்சலில் பிள்ளையைப் புதைத்துவிட்டு, மிச்சமிருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். என் கேள்வி வேறு. அவளுடைய சிரமம் சாலை கேட்டது, சாலை வந்தது. மாணவியின் அக்காவும் அதே சிரமத்தைத்தான் பட்டாள். அது ஏன் யார் காதிலும் விழவில்லை?

வெள்ளகவிக்கு நான் முதன்முதலாகப் போனது 2000-களில், வட்டக்கானலிலிருந்து இறங்கி. அப்போது அங்கே வண்டிப் பாதை கிடையாது. காப்பியும் எலுமிச்சையும் குதிரைமேலும் தலைமேலும்தான் போயின. ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். திண்ணையில் இருந்த பாட்டியிடம் டோலியைப் பற்றிக் கேட்டேன்.

“தூக்குறதுக்கு ஆம்பள ஆளு வேணும்ல தாயி. நாலு பேரு தூக்குனா மாத்துத் தோளுக்கு நாலு பேரு. எல்லாரும் வேலைக்குப் போயிட்டா எங்க போறது? அதான் ஏழாம் மாசமே கீழ சொந்தக்காரங்க வீட்ல கொண்டுபோயி விட்ருவோம்.”

“அங்க எத்தன நாள் இருப்பாங்க பாட்டி?”

“புள்ளையோட ஏறி வர்ற தெம்பு வர்ற வரைக்கும்.”

ஏழாம் மாதத்தில் போகிறவள் அத்தனை மாதக் கூலியை இழக்கிறாள். மூத்த பிள்ளைகளைப் பிரிகிறாள். பிறர் வீட்டு அடுக்களையில் கூச்சத்தோடு சாப்பிடுகிறாள். போகாதவள், வலி வந்த இரவில் ஊர் ஆண்களின் தோள்களுக்குக் காத்திருக்கிறாள். இந்தக் கணக்கைச் சாலைத் திட்டங்களின் மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை. எத்தனை வண்டி போகும், எத்தனை மூட்டை இறங்கும் என்பதே அங்கே கணக்கு.

பின்னாளில் பழனியிலிருந்தும் சாலை வந்தது. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகவும் வந்தது. கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனாலும் சின்னூர், பெரியூர் போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலியில் தூக்கிக்கொண்டு, மழைக்காலத்தில் காட்டாற்றில் இறங்கிக் கடக்கும் செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். ஆற்றுக்கு ஒரு பாலம் என்பது அவர்களின் பழைய கோரிக்கை. சுற்றுலாச் சாலையில் வளைவுக்கு வளைவு பாலம் உண்டு.

டோலி என்று கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூளி நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் துணி தொங்குகிறது. உள்ளே ஓர் உயிர் ஆடுகிறது. பிள்ளைக்கு அது தாலாட்டு. பிள்ளையைச் சுமப்பவளுக்குக் கல்லிலும் சரிவிலும் ஒவ்வோர் ஆட்டமும் வலி.

மறுநாள் வகுப்பில் பேகன் கதையின் மறுபாதியைச் சொன்னேன். முந்தைய நாளே சொல்லியிருக்க வேண்டியது. மயிலுக்கு இரங்கிய அவன், மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியிடம் போய்விட்டான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்காக அவனிடம் போய்ப் பேசினார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், தேரைப் பூட்டி அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசில் என்றார்கள்.

பின்வரிசைக்காரி சிரித்தாள். “தேரு எங்க ஊருக்கு வராது மேம்,” என்றாள். “ஆம்புலன்ஸ் வந்தாப் போதும்.”