சவாரி: குதிரை இறங்கிப்போன சொல்

சயானில் நிற்கும் தமிழ் ஆட்டோ ஓட்டுநருக்குச் ‘சவாரி’ என்றால் கிடைக்கும் ஓட்டம். இந்தி பேசுவோர்க்கோ வண்டியில் ஏறும் ஆளே சவாரி. வேர் பாரசீகம். ‘சவார்’ என்பவன் குதிரைவீரன்; ஆங்கிலேயர்காலக் குதிரைப்படைச் சிப்பாயும் ‘சவார்’தான். பழம்பாரசீக வடிவம் ‘அசபார’: ‘அச’ குதிரை, வடமொழி அசுவத்தின் உறவு, ‘பார’ சுமத்தல். குதிரையால் சுமக்கப்படுபவன் என்பது பொருள். எனவே பயணியைச் சவாரி என்பதைக் கொச்சையென ஒதுக்குவது பிழை. வேருக்கு நெருக்கமானது அதுவே. ‘அச’வில் இன்று எஞ்சியிருப்பது ‘ச’ மட்டும். குதிரை மறைந்துவிட்டதால்தான் தமிழ் ‘குதிரைச் சவாரி’ என்று அதனை மீண்டும் ஒட்டவைத்துக்கொள்கிறது.

1874 இல் பம்பாயில் ஓடத் தொடங்கிய டிராம்களையும் குதிரைகளே இழுத்தன. சயான் என்ற பெயரோ, எல்லை எனப் பொருள்படும் மராத்திச் ‘சீவ்’ என்பதன் திரிபு என்பர். இன்றும் சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. சவாரி அங்கே டாக்சிக்கு மாறுகிறது.