மாவோரி மக்களின் மொழியும் கல்வி உரிமையும்

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனம், கல்வி பெறுதல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்று தனது 26ஆம் பிரிவில் அறிவித்தது. பிள்ளைகளுக்கு எவ்வகைக் கல்வி தரப்படவேண்டும் என்பதைத் தெரிவு செய்யும் முதல் உரிமை பெற்றோருக்கே உண்டு என்றும் அது கூறிற்று. ஆயின் அக்கல்வி எம்மொழியில் என்னும் வினாவை அப்பிரிவு தொடவில்லை. சிறுபான்மை மக்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என வரைவின்போது எழுந்த யோசனையும் கைவிடப்பட்டது. கல்வி என்னும் நன்மையே ஒரு மக்களின் நாவைக் கட்டிவிடவும் கூடும் என்பதை நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அதற்கு முன்னரே அனுபவித்து அறிந்திருந்தனர். அவர்தம் வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. ஆகையால் அதனை நாம் சற்று விரிவாகக் காண்போம்.

சர்ச் மிஷனெரி சங்கத்தாரால் அனுப்பப்பட்ட ரேனியஸ் ஐயர் சென்னையில் வந்திறங்கிய அதே 1814ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு நாளன்று, அதே சங்கத்தின் சார்பில் சாமுவேல் மார்ஸ்டன் ஐயர் நியூசிலாந்தின் வடகரையில் நற்செய்தி கூறினார். ரேனியஸ் ஐயரை இங்கே இலக்கணமும் இலக்கியமும் எதிர்கொண்டன. அங்கோ மொழிக்கு எழுத்தே இல்லை. வமிச வரலாறும் பாடலும் வழக்காறும் முதியோர் நினைவிலும் மரச் செதுக்கிலும் வாழ்ந்தன. தாமஸ் கெண்டல் என்பவர் 1816இல் முதற்பள்ளியைத் தொடங்கினார். 1820இல் அவரும் ஹோங்கி, வைகாட்டோ என்னும் மாவோரித் தலைவர் இருவரும் இங்கிலாந்து செல்ல, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீயின் துணையால் மாவோரி இலக்கணமும் சொற்றொகுதியும் அச்சேறின. வில்லியம் வில்லியம்ஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை முதன்மையாகக் கொண்ட புதிய ஏற்பாட்டை 1837இல் பைஹியாவில் வில்லியம் கோலென்சோ 5,000 படிகள் அச்சிட்டு முடித்தார்.

எழுத்தைப் பரப்பியவர் மிஷனெரிமார் மட்டுமல்லர் என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். வடபகுதியில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள், மிஷன் பள்ளியில் கற்ற எழுத்தைத் தம் ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். 1836இல் தாரோரே என்னும் சிறுமி இரவுத் தாக்குதலொன்றில் கொல்லப்பட்டாள். தலைமாட்டில் அவள் வைத்திருந்த லூக்கா நற்செய்தி நூலைக் கொன்றவர்கள் எடுத்துச் சென்றனர் என்றும், படிக்கத் தெரியாத அவர்களுக்கு ரிபாஹாவு என்னும் முன்னாள் அடிமை அதனைப் படித்துக் காட்டினார் என்றும், அவளைக் கொன்றவர் மனந்திரும்பி அவள் தந்தையோடு ஒப்புரவானார் என்றும் சபை மரபு கூறுகிறது. இந்த ரிபாஹாவு தெற்கே ஒட்டாக்கியில் இளைஞர்களுக்கு எழுத்தறிவித்தார். அதன் பின்னரே அவ்விளைஞர் இருவர் 1839இல் வடக்கே வந்து ஒரு போதகரைக் கேட்டுப் பெற்றனர். ஆசிரியர் முன்னே, மிஷனெரி பின்னே!

1840 பிப்ரவரி 6ஆம் நாள் வைதாங்கியில் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் உடன்படிக்கை செய்தனர். அதனை மாவோரியில் பெயர்த்தவர் மற்றொரு மிஷனெரியாகிய ஹென்றி வில்லியம்ஸ் ஐயர். அதன் இரண்டாம் பிரிவு, மாவோரி வாசகத்தின்படி, நிலங்களோடு அவர்களுடைய ‘தாவோங்கா’ அனைத்தையும், அதாவது அவர்கள் அருமையாகப் போற்றும் எல்லாவற்றையும், அவர்களுக்கு உறுதி செய்தது. இச்சொல் பின்னொரு காலத்தில் பெரும் பயன் தருமென அன்று எவரும் எண்ணியிரார்.

1847ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், மானியம் பெறும் மிஷன் பள்ளிகள் ஆங்கிலம் கற்பிக்கவேண்டும் என விதித்தது. அறுபதுகளின் போர்களால் அப்பள்ளிகள் சிதறின. 1867ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர்தோறும் அரசுப் பள்ளிக்கு வழி வகுத்தது. ஊரார் நிலம் கொடுத்துக் கேட்கவேண்டும், பயிற்று மொழி ஆங்கிலமாயிருக்கவேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இதனை முற்றிலும் திணிப்பு என்று கூறுதல் நேர்மையாகாது. 1876இல் வி தே ஹாக்கிரோவும் 336 பேரும் பள்ளிகளில் ஆங்கிலமே கற்பிக்கப்படவேண்டுமென நாடாளுமன்றத்திற்கு மனுச் செய்தனர். வீட்டில் மாவோரி தானே வளரும், பள்ளியில் ஆங்கிலம் கிடைக்கட்டும் என்பது பெற்றோர் பலரின் கணக்காயிருந்தது என நாம் கருதுகிறோம். இரு மொழியை நாடியவர்க்கு ஒரு மொழியே கொடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளி வளாகத்தில் மாவோரி பேசிய பிள்ளைகள் அடிக்கப்பட்டனர். பின்னாளில் மாவோரிப் படைப்பிரிவின் தளபதியாயிருந்த சர் ஜேம்ஸ் ஹேனரே, சிறுவனாயிருந்தபோது தன்னை அடிப்பதற்கான கொடியைத் தானே காட்டிற்குள் சென்று வெட்டி வரும்படி அனுப்பப்பட்டதை முதிர்ந்த வயதில் சாட்சியாகச் சொன்னார். 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தம்மொழி பேசினர். 1953இல் இருபத்தாறு பேர். 1975இலோ ஐந்து பேருக்கும் குறைவு. பள்ளி மட்டுமே இதற்குக் காரணமன்று. இரண்டாம் உலகப்போருக்குப்பின் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, மொழியைக் காத்துவந்த ஊரும் முற்றமும் கைநழுவின.

திருச்சபை என்ன செய்தது? 1883 முதல் 1920 வரை கிஸ்பர்னில் இயங்கிய தே ராவு இறையியற் கல்லூரி மாவோரிக் குருமாரை உருவாக்கியது. ஆராதனையில் மொழி நிலைத்தது. ஆயின் சபையின் விடுதிப் பள்ளிகளும் ஆங்கிலத்தையே முன்னிறுத்தின. அத்தகைய தே ஆவுட்டே பள்ளியில் பயின்ற அப்பிரானா நாட்டா, பள்ளியில் ஆங்கிலத்திற்கு முதலிடம் கேட்டவர். அவரே 1925ஆம் ஆண்டு மாவோரி வேதாகமத் திருத்தத்திலும் பழம்பாடல் தொகுப்பிலும் உழைத்தவர். பீடத்தில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்னும் பிளவைச் சபை பெரிதாக எண்ணவில்லை.

1972 செப்டம்பர் 14இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை இளைஞர்கள் நாடாளுமன்றத்தில் அளித்தனர். 1982இல் வெலிங்டனுக்கு அருகே முதல் ‘கோஹங்கா ரேயோ’, அதாவது மொழிக்கூடு, திறக்கப்பட்டது. பாட்டிமாரும் பாட்டன்மாரும் மழலையரோடு நாள் முழுதும் மாவோரியிலேயே பேசினர், முறை அவ்வளவே. மூன்றாண்டுகளில் இவை முந்நூறைத் தாண்டின. 1985இல் வைதாங்கித் தீர்ப்பாயத்தில் மொழி வழக்கு வந்தது; ஹேனரேயின் சாட்சியும் அங்கேதான் கேட்கப்பட்டது. மொழியும் ஒரு ‘தாவோங்கா’, அதனைக் காப்பது அரசின் கடமை என்று 1986இல் தீர்ப்பாயம் கூறிற்று. 1987ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரியை ஆட்சிமொழியாக்கியது. மிஷனெரி ஒருவர் எழுதிய வாசகம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு வழக்கை வென்றது.

எனினும் 1993இல் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டிருந்த மொழிக்கூடுகள் பின்னர்ச் சுருங்கின; மொழி மீண்டும் நலிகிறதெனத் தீர்ப்பாயம் 2011இல் எச்சரித்தது. பழங்குடி மக்கள் தம் மொழியில் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகள் பிரகடனம் 2007இல் வாக்கிற்கு வந்தபோது, எதிர்த்த நான்கு நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. 2010இலேயே அது ஆதரவு தெரிவித்தது. 2012இல் வேதாகமச் சங்கம் மாவோரி வேதாகமத்தைப் புதிதாக அச்சுக் கோத்து, நெடில் உயிர்களுக்கு மேற்கோடு இட்டு வெளியிட்டது. கோலென்சோவின் நூலைப் படித்தவர்களுக்கு அக்கோடு தேவைப்படவில்லை. எது நெடில் என்பது அவர்கள் செவிக்குத் தெரிந்திருந்தது.