நீர்ம டேப்பெட்

நீர்ம டேப்பெட் அல்லது ஹைட்ராலிக் டேப்பெட் என்பது, உள் எரி பொறியில் கேம் தண்டுக்கும் வால்வுக்கும் இடையே உண்டாகும் இடைவெளியை எண்ணெயின் உதவியால் தானாகவே நிரப்பிக்கொள்ளும் பாகம் ஆகும். காற்றால் குளிர்விக்கப்படும் பொறிகளில் இதன் பயன் மிகுதி. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், பொறி சூடேறும்போது இவ்விடைவெளி மாறிவிடுகிறது.

பயன்பாடு

சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட பழைய வார்ப்பிரும்புப் புல்லட் பொறியில் இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த நிலையில் தள்ளுதண்டு விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. ராயல் என்ஃபீல்டு 2008-2009 காலத்தில் கொண்டுவந்த 346, 499 கன செ.மீ. ஒருங்கிணைந்த பொறிகளில் நீர்ம டேப்பெட்டுகள் இடம்பெற்றன. கார் வகையில், ஃபோக்ஸ்வாகன் வேனின் காற்றுக் குளிர்விப்புப் பொறி 1978ஆம் ஆண்டு மாதிரியில் இவற்றைப் பெற்றது.

செயல்படும் விதம்

டேப்பெட்டின் உடலுக்குள் ஒரு சிறு உந்துருளியும், அதன் கீழ் வில்சுருளும் ஒருவழிக் குண்டு வால்வும் உள்ளன. உள்ளே புகுந்த எண்ணெய் எளிதில் திரும்ப இயலாது, அமுங்கவும் செய்யாது. எனவே கேம் தூக்கும்போது டேப்பெட் திண்மத் துண்டுபோல் இயங்குகிறது. காற்று புகுந்திருந்தால் அது அமுங்கும். வால்வு முழுதும் திறவாது, தட்டும் ஓசையும் எழும்.

ஆயத்தப்படுத்தல்

பொறியைப் பிரித்துப் பூட்டும்போது டேப்பெட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் இடக் குறிப்புடன் வைத்தல் வேண்டும். உடலும் உந்துருளியும் இணையாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் உந்துருளியை மற்றொன்றில் இடலாகாது. பின்னர் டேப்பெட்டைத் தூய என்ஜின் ஆயிலில் நிமிர்த்தி மூழ்கவைத்து, மெல்லிய கம்பியால் உந்துருளியை மெதுவாகப் பலமுறை அழுத்த வேண்டும். குமிழிகள் நின்றதும் உந்துருளி விறைப்பாகிவிடும்.

இவ்வாறு நிரப்பிய பின்னரே பெரிய தவறு நேர்கிறது. ராக்கரை முறுக்கியதும், நிரம்பிய டேப்பெட் வால்வைத் திறந்தபடி தாங்கி நிற்கக்கூடும். அப்போதே பொறியைச் சுழற்றினால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையலாம், தள்ளுதண்டும் வளையலாம். மிகுதி எண்ணெய் கசிந்து, வால்வு மூடிய நிலையில் தள்ளுதண்டு விரலால் சுழலும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைவிட விரலே நம்பத்தக்கது.

முதல் இயக்கத்திற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பொறியைச் சுழற்றினால் எண்ணெய் உரிய வழிகளை எட்டும். தொடக்கத்தில் சிறிது நேரம் கேட்கும் டேப்பெட் சத்தம் பழுதன்று. அதற்கு அஞ்சிப் பொறியை மீண்டும் பிரிப்போர் பலர். நன்கு சூடேறிய பின்னும் ஓசை நீடித்தால் மட்டுமே எண்ணெய் அளவையும், அழுத்தத்தையும், தேய்ந்த டேப்பெட்டையும் சோதிக்க வேண்டும்.