புரோமெலியாட்: சேகரிப்புக்கான தேர்வு

புரோமெலியாட் என்பது அன்னாசியை உள்ளடக்கிய புரோமெலியேசி குடும்பத்தின் ஒருவித்திலைத் தாவரங்களைக் குறிக்கும் பொதுப்பெயர். 3,000-க்கும் மேற்பட்ட இவ்வினங்களுள், மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் பிட்கேர்னியா ஃபெலிசியானா நீங்கலாக, ஏனைய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை.

தேர்வில் முதலில் கருதப்படுவது ஒளித்தேவை. அதை இலையே காட்டிவிடும். டில்லான்சியாக்களுள் சாம்பல் நிறச் செதில் மயிர்கள் அடர்ந்தவை, அம்மயிர்களால் ஈரத்தை உறிஞ்சி, வேரைப் பற்றுக்கோடாக மட்டும் கொண்டு, நல்ல வெளிச்சத்தில் செழிக்கின்றன. முள்ளற்ற மென்பச்சை இலைகளையுடைய குஸ்மேனியா நிழலைத் தாங்கும். இலையடிகள் நெருங்கி அமைந்த கிண்ணத்தில் நீரைத் தேக்கும் நியோரெகேலியாவோ, வெளிச்சம் குறைந்தால் செந்நிறம் மங்கி, இலைகள் நீண்டு துவண்டு, வாங்கியபோதிருந்த செடிதானா என்று ஐயுறும்படி மாறிவிடும்.

இரு இனங்களை, சில வேளைகளில் இரு பேரினங்களையே இணைத்து உருவாக்கப்படுபவை கலப்பினங்கள். கிரிப்டாந்தஸ், பில்பெர்கியா ஆகியவற்றின் சேர்க்கையான கிரிப்ட்பெர்கியா பின்னதற்குச் சான்று. கலப்பினத்தின் விதைகள் தாய்ச்செடியை ஒத்த செடிகளைத் தருவதில்லை என்பதாலும், பெரும்பாலானவற்றில் ஓர் இலைக்கொத்து ஒருமுறை பூத்தபின் மெல்ல மடிவதாலும், அவை பக்கக் கன்றுகள் வழியே பேணப்படுகின்றன. தாயின் மூன்றில் ஒரு பங்கேனும் வளர்ந்த கன்றே பிரிப்பதற்கு ஏற்றது.

கலப்பினப் பெயர்களை 1950-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட பன்னாட்டு புரோமெலியாட் சங்கம் பதிவு செய்கிறது. நியோரெகேலியாக் கலப்பினங்கள் பல ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், பெயர்ச்சீட்டு தொலைந்த செடியைத் தோற்றத்தைக் கொண்டு மட்டும் உறுதியாக அடையாளம் காண இயலாது.