சுரங்கமும் அடுப்பும்: ஒரு கிராமிய மாவட்டத்தின் கூலி வரலாறு

வறுமையை இயற்கையின் விதி என்று கூறுவோர் இன்றும் உளர். மண் வளமற்றது, மக்கள் முயற்சியற்றவர், ஆதலின் அப்பகுதி ஏழ்மையில் உழல்வது தவிர்க்க முடியாதது என்பது அவர் வாதம். இவ்வாதத்தின் பெறுமதியை அளந்தறிய விரும்புவோர், செல்வத்தில் முதன்மை பெற்ற ஐக்கிய அமெரிக்காவின் உள்ளேயே ஒரு கிராமிய மாவட்டத்தின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் தென்கோடியில் மலைகளுக்கிடையே கிடக்கும் மக்டவல் என்பது அம்மாவட்டம். அதன் மண் வளமற்றதன்று. உலகின் மிகச் சிறந்த நிலக்கரிகளுள் ஒன்று அம்மண்ணின் கீழேதான் இருந்தது. உருக்காலைகளும் கடற்படைகளும் அதனை விரும்பி வாங்கின. எனினும், அமெரிக்காவின் மிக வறிய மாவட்டங்களின் வரிசையில் மக்டவலின் பெயர் பல காலமாக நீங்காது நிற்கின்றது.

1880இல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 3,000 பேர். சோளம் பயிரிட்டும் பன்றி வளர்த்தும் காட்டில் வேட்டையாடியும் வாழ்ந்த சிறு விவசாயிகள் அவர்கள். 1883இல் பக்கத்துப் பொக்கஹொன்ராஸ் நகரையெட்டிய புகையிரதப் பாதை, 1892 அளவில் மக்டவலை ஊடறுத்து ஒஹாயோவரை சென்றது. பாதையைத் தொடர்ந்து மூலதனம் வந்தது. மூலதனம் தொழிலாளரை அழைத்தது. தென் மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்து விலகி வந்த கறுப்பின மக்களும், ஹங்கேரி, இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த குடியானவரும், உள்ளூர் மலைவாசிகளும் ஒரே இருளினுள் இறங்கினர். சனத்தொகை 1910இல் 47,856 ஆகவும், 1950இல் 98,887 ஆகவும் உயர்ந்தது.

அக்காலக் குடும்ப வருமானம் எவ்வாறு அமைந்திருந்தது? தொழிலாளி நாட்கூலி பெற்றவனல்லன். பெரும்பாலும் தொன் கணக்கிலேயே அவனுக்குக் கூலி. கூரையைத் தாங்க மரம் நாட்டுவதற்கும் கல்லை அகற்றுவதற்கும் செலவான நேரத்துக்குக் கூலியில்லை. வெடிமருந்தின் விலையும் ஆயுதங்களைத் தீட்டும் செலவும் வீட்டு வாடகையும் மருத்துவர் கட்டணமும் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டன. சம்பளநாள் வருமுன் பணம் வேண்டுமென்றால், கம்பனி தானே அடித்த உலோகத் துண்டுகளைக் கொடுக்கும். அத்துண்டுகள் கம்பனிக் கடையிலேயே செல்லுபடியாகும். வீட்டுக்காரன், கடைக்காரன், முதலாளி என்னும் மூன்று உருவிலும் கம்பனியே நின்றது. ஆதலின் ஏட்டிலே எழுதப்பட்ட கூலி வேறு, அடுப்படிக்கு வந்து சேர்ந்த கூலி வேறு. இவ்விரண்டுக்குமிடையே இருந்த இடைவெளியைப் பெண்களின் உழைப்பே நிரப்பிற்று. அவர்கள் தோட்டம் செய்தனர், பசு வளர்த்தனர், தனியாட்களுக்குச் சோறு சமைத்து உடை வெளுத்துக் கொடுத்தனர். எந்தப் புள்ளிவிபரத்திலும் இவ்வுழைப்பு முழுமையாக இடம்பெற்றதில்லை.

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. அயல் மாவட்டமான மிங்கோவில், மேற்வான் என்னும் ஊரின் பொலிஸ் தலைவராயிருந்து தொழிலாளர் பக்கம் நின்ற சிட் ஹற்பீல்ட், 1921 ஆகஸ்ட் 1ஆந் திகதி மக்டவலின் தலைநகரான வெல்சில், நீதிமன்றப் படிகளிலேயே கம்பனிகளின் கூலிப்படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி பிளெயர் மலையை நோக்கி நடந்தனர். அரச படை அவர்களைத் தடுத்தது. 1933இல் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்ற பின்னரே மக்டவலிற் சங்கம் வேரூன்றிற்று.

சங்கம் வலுப்பெற்றதும் கூலி உயர்ந்தது. ஆயின், 1950ஆம் ஆண்டின் கூலி ஒப்பந்தம் இரு முனையும் கூரான கத்தியாயிற்று. தலைவர் ஜோன் எல். லூயிஸ் உயர்ந்த கூலியையும், வெட்டப்படும் ஒவ்வொரு தொன்னுக்கும் 30 சதம் செலுத்தப்படும் நலன்புரி நிதியையும் பெற்றுக் கொடுத்தார். அதற்கு ஈடாக, இயந்திரங்களின் வருகையைச் சங்கம் எதிர்க்கவில்லை. சுரண்டி வெட்டி அள்ளி ஏற்றும் வேலை முழுவதையும் ஒருங்கே செய்யும் இயந்திரம் சுரங்கத்தினுள் நுழைந்தது. அதே வேளையில், புகையிரதங்கள் டீசலுக்கும் வீடுகள் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் மாறின. மேற்கு வேர்ஜினியாவிற் சுமார் 120,000 ஆக இருந்த சுரங்கத் தொழிலாளர் தொகை, பத்தே ஆண்டுகளில் 50,000இற்குங் கீழே இறங்கிற்று. நிலக்கரி உற்பத்தியோ அவ்வாறு பாதியாகிவிடவில்லை. நிலக்கரி தொடர்ந்து மலையைவிட்டு வெளியேறிற்று. கூலி மட்டுமே மலைக்குள் வராது நின்றது. கையால் அள்ளி ஏற்றும் வேலையிலேயே பெருந்தொகையாக அமர்த்தப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர் முதலில் வெளியே தள்ளப்பட்டனர்.

1960இல் மக்டவலின் சனத்தொகை 71,359. பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தெட்டுப் பேர் குறைந்துவிட்டனர். இளைஞர் டெற்ரொயிட், கிளீவ்லாந்து முதலிய ஆலை நகர்களுக்குச் சென்றனர். முதியோரும் நோயாளரும் எஞ்சினர். 1960ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இம்மாநிலத்தில் வாக்குக் கேட்டு வந்த கெனடி இவ்வறுமையை நேரிற் கண்டார். ஜனாதிபதியானதும் உணவு முத்திரைத் திட்டத்தைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார். 1961 மே 29ஆந் திகதி, அத்திட்டத்தின் முதல் முத்திரைகள், 95 டொலர் பெறுமதியானவை, வெல்சிலே பதினைந்து பேர் கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு வழங்கப்பட்டன. நாட்டின் உலைகளுக்கு எரிபொருள் கொடுத்த மாவட்டத்திலேயே அடுப்பெரிய முத்திரை தேவைப்பட்டது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அடுத்த வருமானம் நோயினூடாக வந்தது. 1968இல் அதே மாநிலத்தின் பார்மிங்ரன் சுரங்க வெடிவிபத்தில் 78 பேர் மாண்டனர். 1969இல் சுமார் 40,000 தொழிலாளர், தூசினால் உண்டாகும் கருநுரையீரல் நோய்க்கு நட்டஈடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டின் கூட்டாட்சிச் சட்டம் அந்நட்டஈட்டை உறுதிசெய்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடி நிலக்கரிக்கு மீண்டும் சிறிது காலம் மதிப்பளித்தது. எழுபதுகளிற் சனத்தொகை ஏறக்குறைய மாறாது நின்றது. பின்னர் அமெரிக்க உருக்குத் தொழில் சரிந்தது. கேரி என்னும் ஊரைத் தன் தலைவரின் பெயராலேயே நிறுவிய யு. எஸ். ஸ்டீல் கூட்டுத்தாபனம், 1986இல் அங்குள்ள தன் சுரங்கத் தொழிலை மூடியது. ஒரே வீச்சில் 1,200இற்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். 2020இல் மாவட்டத்தின் சனத்தொகை 19,111. எழுபது ஆண்டுகளுக்கு முன்னிருந்ததில் ஐந்திலொரு பங்கு.

சுரங்கத்தின் இடத்தை நிரப்பிய தொழில்கள் யாவை? 2010இல் வெல்சுக்கருகே கூட்டாட்சிச் சிறைச்சாலையொன்று திறக்கப்பட்டது. கிம்பலில் இயங்கிய வோல்மார்ட் பேரங்காடி 2016இல் மூடப்பட்டபோது சுமார் 140 பேர் வேலையிழந்தனர். பாடசாலையும் அரசாங்கமும் மருத்துவ நிலையமும் நிலையான சம்பளத்தின் ஊற்றுகளாயின. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவே நிற்கும் குடும்பம் பெறுவதை இடைய வருமானம் என்பர். மக்டவலின் இடைய வருமானம் நாட்டின் இடைய வருமானத்திற் பாதியையும் எட்டுவதில்லை. 2014 அளவில், மாவட்ட மக்களின் தனிநபர் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஓய்வூதியம், ஊனக் கொடுப்பனவு, உணவு முத்திரை முதலிய அரசாங்கக் கொடுப்பனவுகளிலிருந்தே வந்தது. ஆண்களின் சராசரி ஆயுளோ சுமார் 64 ஆண்டுகளென ஆய்வாளர் கணித்தனர்.

இப்பாதியைக் காட்டியே, இம்மக்கள் உழைக்க மறுத்துப் பிச்சையில் வாழ்கின்றனர் என்று ஏளனம் செய்வோர் உளர். அக்கணக்கின் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பார்ப்போம். ஓய்வூதியம் முன்னர் செய்த வேலைக்குரியது. ஊனக் கொடுப்பனவு சுரங்கத்தில் முறிந்த முதுகெலும்புக்குரியது. கருநுரையீரல் நட்டஈடு சுவாசித்த தூசுக்குரியது. உரிய காலத்திற் கொடுக்கப்படாத கூலியின் நிலுவையே இப்பணத்திற் பெரும்பகுதி. அதனையும் கம்பனிகள் மனமுவந்து கொடுக்கவில்லை. தொழிலாளர் போராடியே பெற்றனர். உணவு முத்திரையைப் பெறும் தாயும், அவள் கணவனின் வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரத்தின் இலாபம் எங்கே சென்றது என்று கேட்கும் உரிமையுடையவள்.

அவ்விலாபம் சென்ற இடத்தை அறிவது கடினமன்று. மாவட்டத்தின் பெருநிலப்பரப்பு, நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுப் புகையிரதக் கம்பனியின் துணை நிறுவனமொன்றின் கையில் இருந்தது. கம்பனிகள் அந்நிலத்தைக் குத்தகைக்கெடுத்து நிலக்கரி வெட்டின. அப்பலாச்சிய மலைப்பகுதியின் 80 மாவட்டங்களை ஆராய்ந்து 1981இல் வெளியான நிலவுடைமை ஆய்வு, நிலமும் கனிமமும் பெருமளவில் வெளியாரின் உடைமையாயிருப்பதையும், அவ்வுடைமைக்கு அவர்கள் அற்ப வரியே செலுத்துவதையும் எடுத்துக்காட்டிற்று. பாடசாலைக்கும் வீதிக்கும் செல்லவேண்டிய பணம் வரியாக வசூலிக்கப்படாதபோது, வேறு தொழில் எவ்வாறு முளைக்கும்?

எனவே, ஒரு பிரதேசத்தின் குடும்ப வருமானத்தை ஆராய்வோர் எத்தனை பேருக்கு வேலையுண்டு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. நிலம் யாருடையது, இயந்திரத்தின் பயன் யாருக்கு, வரி செலுத்துபவர் யார் என்னும் வினாக்களையும் கேட்டல் வேண்டும். மக்டவலின் வரலாறு அவ்வினாக்களுக்கு விடையளிக்கின்றது.

அவ்வரலாறு தோல்வியின் வரலாறு மாத்திரமன்று. 2018 பெப்ரவரியில் மேற்கு வேர்ஜினியாவின் ஆசிரியர்கள் மருத்துவக் காப்புறுதியையும் சம்பளத்தையும் முன்னிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் முதற்பொறி தென்பகுதிச் சுரங்க மாவட்டங்களிலேயே தோன்றிற்று. 55 மாவட்டங்களிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலை உணவையே நம்பியிருந்த பிள்ளைகள் பட்டினி கிடவாதபடி ஆசிரியர்கள் உணவுப் பொதிகள் கட்டி அனுப்பினர். ஒன்பது பாடசாலை நாட்களின் பின் 5 சதவீதச் சம்பள உயர்வு கிடைத்தது. அது மாநில ஊழியர் யாவருக்கும் உரியதாயிற்று. அவ்வாசிரியருட் பலர் கழுத்திற் கட்டியிருந்தது, 1921இல் பிளெயர் மலையை நோக்கி நடந்தோர் கட்டியிருந்த அதே சிவப்புத் துணி. சுரங்கங்கள் மூடப்பட்டபோதும் அங்கே கற்ற பாடம் மூடப்படவில்லை. அப்பாடத்தைத் தம் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எந்நாட்டு ஆசிரியருக்கும் உண்டு.