நகரின் வரைபடத்தை வரைவோர்

1928ஆம் ஆண்டு கொழும்பு மாநகர சபை தன் மண்டபத்தைப் புறக்கோட்டையிலிருந்து கறுவாத்தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டது. 1873இல் எழுந்த பழைய மண்டபம் கடைவீதிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றது. கொட்டாஞ்சேனைத் தொழிலாளி ஒருவன் கால்நடையாகவே அதன் வாசலை அடைந்துவிடலாம். புதிய வெண்மாளிகையோ செல்வர்தம் சோலை வீடுகளின் அயலில், பூங்காவை நோக்கி எழுந்தது. இடநெருக்கடியும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் ஒரு நகரசபை எவர் அயலில் குடியிருக்க விரும்புகிறது என்பதும், அதன் வரவு செலவுக் கணக்கைப் போலவே, வாசிக்கத்தக்க ஓர் ஆவணந்தான்.

எந்த ஒழுங்கையில் எத்தனை மாடி எழும்பலாம், எந்தத் தோட்டத்துக்குக் குழாய் போடலாம், நகரின் குப்பை எவர் வாசலில் குவியலாம் என்பவற்றை ஆராய்ந்து முடிவு செய்வோர் யாவர்? தேசாதிபதிகளின் வரிசையையும் அரசியல் யாப்புகளின் ஆண்டுகளையும் நம் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். தாம் குடிக்கும் நீரின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வார் இலர். அவ்வரலாற்றைத் துருவி நோக்கின் ஒரு விந்தை புலப்படும்: ஏழைக்கு வாக்கு வந்துசேரச் சேர, அவ்வாக்கால் தெரிவாகும் சபையின் கையிலிருந்து அதிகாரம் நழுவிச் சென்றிருக்கிறது.

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொழும்பு மாநகர சபையைப் பிறப்பித்தது. மேல் மாகாண அரசாங்க அதிபராயிருந்த சார்ள்ஸ் பீற்றர் லெயார்ட் அதன் முதல் தலைவரானார். அன்றுதொட்டு 1937 வரை தலைமை நாற்காலி அரசாங்க உத்தியோகத்தரின் உரிமையாயிருந்தது. வாக்குரிமை சொத்துக்கும் வருமானத்துக்கும் கட்டுப்பட்டது. சோலைவரி செலுத்தும் வீட்டுக்காரர் சபையில் பேசினார். அவ்வரியை வாடகையாக உண்மையில் சுமந்த குடியிருப்பாளர் பேசவில்லை. இவ்வாறமைந்த சபையும் சில பெருங் காரியங்களைச் செய்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. அக்கழிவு கடலில் விழும் இடங்களாகத் தெற்கே வெள்ளவத்தையும் வடக்கே முகத்துவாரமும் அமைந்தன.

குழாய் வந்தது, ஆனால் தோட்டங்களுக்குள் அது நுழையவில்லை. வெளியூர் வாசகர் ‘தோட்டம்’ என்றதும் பூஞ்செடிகளை நினைக்க வேண்டா. கொழும்பில் தோட்டம் என்பது ஒரே முற்றத்தைச் சுற்றி நெருங்கிய ஓரறை வீடுகளின் வரிசை. பலருக்கு ஒரு குழாய், பலருக்கு ஒரு மலகூடம். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மட்டக்குளிப் பகுதிகளில் துறைமுகத் தொழிலாளரும் வண்டிக்காரரும் நகர சுத்தித் தொழிலாளரும் இவற்றில்தான் தலைமுறைகளைக் கழித்தனர்.

1914இல் கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியது. அடுத்த ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. சேரியின் துயரைவிடச் சேரியிலிருந்து பரவும் நோயே சட்டமியற்றுவோரை விரைந்து எழுப்பும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சட்டங்களும் வாந்திபேதியின் பின்னரே பிறந்தன.

இந்த 1915ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சற்று நின்று நோக்குவது தகும். ஏனெனில் நகரத் திட்டமிடலின் முதல் எழுத்துகள் அதிலேதான் உள்ளன. சபைத் தலைவரின் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது. வீதிகளுக்கு எல்லைக் கோடு குறிக்கப்படும். அக்கோட்டைத் தாண்டிச் சுவர் வரலாகாது. வீட்டைச் சுற்றிக் காற்றும் வெளிச்சமும் புக இடம் விடவேண்டும். மனிதர் வசிக்கத் தகாத வீட்டை மூடுவிக்கவும் இடிப்பிக்கவும் வழியுண்டு. விதிகள் யாவும் நல்லவை. ஆனால் மூடும் கட்டளைக்கு ஒரு தாள் போதும். மூடிய வீட்டுக்கு ஈடாக வேறொரு வீடு கட்டக் காசு வேண்டும். சட்டம் இரண்டுக்கும் இடமளித்தது. பணப்பெட்டி முன்னையதற்கே இடமளித்தது. ஓலைக்கூரை வேய்ந்தவனும் மாளிகை கட்டியவனும் ஒரே விதிக்குள் வந்தபோது, விதியை நிறைவேற்றும் வசதி உடையவனே சட்டப்படி வாழ்ந்தான். மற்றவன் ‘அனுமதியற்ற’வன் ஆனான். அச்சொல் இன்றுவரை அவன் பேரன் பேத்திகளைத் தொடர்கிறது.

1921இல் ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கென ஒரு திட்ட அறிக்கை தந்தார். 1915இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களை நடந்து பார்த்து எழுதியவர் அவரே. பழைய குடியிருப்பை வேரோடு பிடுங்காது, இங்கொரு சுவரும் அங்கொரு வீடும் அகற்றிக் காற்றுக்கு வழிவிடும் முறையை வலியுறுத்திய மனிதர். பூங்கா நகரம் என்ற அவரது கனவில் மரங்களையும் அகன்ற வீதிகளையும் கொழும்பு ஏற்றுக்கொண்டது. தோட்டத்து மக்களோடு பொறுமையாக வேலை செய்யும் முறையை ஏற்கவில்லை.

1931இல் அரசாங்க சபைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. நகரசபைக்கு அது வந்துசேரப் பின்னும் காலம் பிடித்தது. எனினும் காற்று மாறிவிட்டது. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளரிற் பெரும்பகுதியினர் மலையாளிகள். சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. எதிர்த்து நின்றவர் அதுவரை தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராயிருந்த ஏ. ஈ. குணசிங்க. இந்தியத் தொழிலாளன், இலங்கைத் தொழிலாளன் என்ற பிளவு அந்த ஆலை வாசலிலேயே வெளிப்பட்டது. 1937இல் டாக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து, தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயரானார். வட கொழும்பின் வாக்குகளால் அவர் துணைவியார் நேசம் சரவணமுத்து 1932இலேயே அரசாங்க சபையில் அமர்ந்திருந்தார். 1940இல் குணசிங்கவும், 1954இல் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவும் மேயராயினர். கறுவாத்தோட்டத்து வெண்மாளிகைக்குள் தொழிற்சங்கம் புகுந்துவிட்டது என்று அன்றைய செல்வர் திகைத்திருப்பார்கள்.

திகைக்க அவ்வளவு காரணம் இருந்ததா? மேயரால் தோட்டத்துக்கு விளக்குப் போடலாம். குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். வீடு கட்டக் கடன் வாங்க வேண்டின் அமைச்சரின் அனுமதி வேண்டும். 1946இன் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் திட்டமிடும் தலைமையை மத்திய அரசின் பக்கம் சாய்த்துவிட்டது. இதைவிடக் கொடிய வெட்டு ஒன்றும் விழுந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தொழிலாளரைத் தேர்தல் இடாப்பிலிருந்து நீக்கின. மலையகத்தின் இழப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். கொழும்பின் தெருக்களைக் கூட்டியவர்களும் அதே இழப்புக்கு ஆளானவர்களே. நகரைச் சுத்தம் செய்தவன் நகரின் குடிமகனாக எண்ணப்படவில்லை.

1973இல் வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் கொண்டுவந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் தனியார் பலரின் மிகை வீடுகளை அரசுடைமையாக்கியது. தோட்டத்து வீட்டைத் தன் வீடு என்று சொல்லும் வாய்ப்பு அதனால்தான் பலருக்குக் கிட்டியது. அடுத்த திருப்பம் எதிர்த் திசையில் வந்தது. 1978இன் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை நிறுவியது. அதன்பின் கொழும்பு முழுதும் அச்சபையின் திட்டப் பிரதேசம்; நிலத்தை வலயங்களாகப் பிரித்து, வீடு எங்கே, வாணிபம் எங்கே, உயரம் எவ்வளவு என வகுப்பதும் அதன் வேலை. மாநகர சபைக்கு எஞ்சியது ஒப்படைக்கப்பட்ட அதிகாரம். ஒப்படைத்தவர் எப்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதிகார சபையின் பணிப்பாளரை எந்த வட்டாரமும் தெரிவு செய்வதில்லை.

2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்த மாதமே மாநகர சபையும் இடைநிறுத்தப்பட்டு, 2011 ஒக்டோபர் தேர்தல் வரை ஒரு விசேட ஆணையாளரின் கையில் இருந்தது. 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் என்று அதிகார சபை கணக்கெடுத்தது. நகர மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இதில் அடங்குவர். பாதி நகரத்தைப் ‘பின்தங்கிய குடியிருப்பு’ எனப் பெயரிட்டு, ஏறத்தாழ 400 சதுர அடிக் கூடுகள் அடுக்கிய கோபுரங்களுக்கு ஏற்றும் திட்டம் அது. அக்குடும்பங்களிற் பலவற்றிடம் கெனமன் காலத்திலோ, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டக் காலத்திலோ பெற்ற பத்திரங்கள் இருந்தன.

வெள்ளவத்தையின் கதை வேறு முகம் கொண்டது. 1973இன் தொடர்மாடி உடைமைச் சட்டம் ஒரு மாடியின் ஒரு பகுதியைத் தனியே வாங்கவும் விற்கவும் வழி திறந்தது. 1983இன் கொடுமைக்கும் வடக்கின் போருக்கும் பின், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாடிகள் முளைத்தன. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் சீமெந்தாயிற்று. ஒரு குடும்பத்துக்கென வகுத்த காணியில் முப்பது குடும்பங்கள் ஏறின. ஒழுங்கையின் அகலமோ நிலத்தடிக் குழாயின் விட்டமோ அதற்கேற்ப வளரவில்லை. கட்டடத்தைத் தனித்தனியே ஆராயும் முறைக்குள், ஒழுங்கையை முழுமையாக ஆராய்வார் இல்லாமற்போயினர். எதிர்த்துக் கேட்கும் துணிவும் குடியிருந்தோரிடம் குறைவாயிருந்ததில் வியப்பில்லை. 2007 யூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து 376 தமிழரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினர். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்நகரில் இரவு தங்கும் உரிமையே ஐயத்துக்குள்ளான காலத்தில், வடிகாலைப் பற்றி வழக்காட யார் முன்வருவர்?

குப்பையின் பயணமும் இங்கே சொல்லற்பாலது. கொட்டாஞ்சேனையின் விளிம்பில் புளூமெண்டல் மேடு ஆண்டாண்டாக வளர்ந்தது. 2009இல் நீதிமன்றக் கட்டளையால் அது மூடப்பட்டது. குப்பை ‘தற்காலிகமாக’ மீதொட்டமுல்லைக்கு மாறியது. மீதொட்டமுல்லை கொலன்னாவையில், கொழும்பு மாநகர எல்லைக்கு அப்பால் உள்ளது. அவ்வூரார் எத்தனை ஊர்வலம் போயினும் கொழும்பு உறுப்பினர் ஒருவரின் ஒரு வாக்கைக்கூட அவர்களாற் குறைக்க இயலாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மேடு சரிந்தது. 32 உயிர்கள் மாண்டன.

இடையிடையே சபையே இல்லாமலும் நகரம் நடந்திருக்கிறது. 2018இல் ரோசி சேனாநாயக்க முதற் பெண் மேயராய் அமர்ந்த சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லை என்ற காரணத்தால் தேர்தல் தள்ளிப்போயிற்று. 2025 மே மாதத்தில் வாக்களிப்பு நடந்து, யூன் 16இல் மேயர் தெரிவாகும்வரை, ஈராண்டுக்கு மேல் அதிகாரிகளே செலவுக் கணக்கை எழுதினர். அதற்கிடையே கோட்டைக்கு அருகே கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் நிலம் உருவாக்கி, 2021இன் 11ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு தனி ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தாயிற்று. மாநகர சபைக் கட்டளைச் சட்டம் அங்கே செல்லாது.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், எந்தக் குன்றுக்கு முதலில் பாதை என்பதைக் குடியிருப்போர் கூட்டங்களே வரிசைப்படுத்தின. நமக்கு இது முழுவதும் புதிதன்று: 1980களில் கொழும்புத் தோட்டங்களில் இயங்கிய சமூக அபிவிருத்திக் குழுக்கள், குழாய் எங்கே, ஒழுங்கை எத்தனை அடி என்பதை அளவு நாடாவைத் தாமே பிடித்து முடிவு செய்தன.

ஆண்டுதோறும் மேயர் தயாரிக்கும் வரவு செலவுத் திட்டம் சபையில் வாக்கெடுப்புக்கு வரும். ஆண்டிறுதியில் ஒரு வட்டாரத்தின் பெயரைத் தேடி அதன் பக்கங்களைப் புரட்டுவது நம் மேல்வகுப்பு மாணவர்க்கு நல்ல கணிதப் பாடமும் ஆகும். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தன் ஒழுங்கையில் எழும் மாடிக்கு யார், எந்த நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார் என்று எந்தக் குடிமகனும் மாநகர சபையையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் அறிவித்தாக வேண்டும்.