நஞ்சுக்கொடி ஒட்டுதல் சிக்கல்களின் வரலாறு

நஞ்சுக்கொடி என்பது கருப்பைச் சுவரில் ஒட்டியிருந்து, தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனையும் ஊட்டச்சத்தையும் குழந்தைக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இதனை 'நஞ்சு' என்பர். இது பெரும்பாலும் கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டும். குழந்தை பிறந்தபின் தானாகப் பிரிந்து வெளியேறும். ஒட்டும் இடம் தாழ்ந்து கருப்பை வாயை மறைத்தால் 'பிளாசென்டா பிரீவியா' எனவும், பிரிய முடியாதபடி ஆழமாக ஒட்டினால் 'பிளாசென்டா அக்ரீட்டா' எனவும் வழங்கப்படுகிறது. இரண்டும் தாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை. முதலாவதற்குக் கண்ட தீர்வே இரண்டாவது பெருகக் காரணமானது.

காரணம் அறிதல்

கருப்பையின் கீழ்ப்பகுதி பேறுகாலம் நெருங்கும்போது விரியும். நஞ்சுக்கொடி அவ்வாறு விரியாததால், அங்கு ஒட்டியிருந்தால் சுவரிலிருந்து பிரிந்து இரத்தம் பெருகும். பெரும்பாலும் வலி இருப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ, மேலே ஒட்டியிருந்த நஞ்சுக்கொடி கழன்று கீழே விழுந்துவிட்டதாகவே கருதினார். அதே நாட்டைச் சேர்ந்த பால் போர்தால், அது கருப்பை வாயில் ஒட்டியே இருந்ததைக் கண்டு 1685இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

இங்கிலாந்தின் நாரிச் நகர மருத்துவர் எட்வர்ட் ரிக்பி 1775இல் இரத்தப்போக்கை இருவகையாகப் பிரித்தார். சரியான இடத்தில் உள்ள நஞ்சுக்கொடி பிரிவதால் வருவது தற்செயலானது. கருப்பை வாயில் உள்ளதால் வருவது தவிர்க்க முடியாதது.

உயிர் காத்த வழிகள்

19ஆம் நூற்றாண்டில் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், குழந்தையைத் திருப்பிக் காலைக் கீழே இழுத்து, அதன் உடலாலேயே இரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தும் முறையை விளக்கினார். இதனால் தாய்மார் பலர் பிழைத்தனர். குழந்தைகள் பல இறந்தன. 1882இல் மேக்ஸ் சாங்கர் கருப்பையைத் தைக்கும் முறையைச் சீர்செய்தபின் சிசேரியன் அறுவை பாதுகாப்பானதாக மாறத் தொடங்கியது.

1945இல் பெல்பாஸ்ட் நகரின் சார்லஸ் மெக்காஃபி 174 தாய்மாரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். முதல் இரத்தப்போக்கு கண்டவுடன் குறைமாதப் பிரசவத்துக்கு விரையாமல், தாயை மருத்துவமனையிலேயே வைத்து, இரத்தம் ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருந்து, குழந்தை வளரும்வரை காத்திருக்கலாம் என்று அவர் காட்டினார். கையால் உட்பரிசோதனை செய்வதே பெரும் இரத்தப்போக்கைத் தூண்டும் என்பதால் அதனையும் தவிர்த்தார். 1958இல் கிளாஸ்கோவில் இயான் டொனால்டு குழுவினர் மகப்பேறு மருத்துவத்தில் அல்ட்ராசவுண்ட் பயன்பாட்டை வெளியிட்டனர். பின்னர் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைத் தொடாமலேயே காண முடிந்தது.

புதிய சிக்கல்

ஆழமாக ஒட்டும் நிலையை 1937இல் அமெரிக்காவின் பாஸ்டனில் இர்விங், ஹெர்டிக் ஆகியோர் விரிவாக விளக்கினர். அன்று இது மிக அரிது. சிசேரியன் பெருகியபின் நிலைமை மாறியது. அறுவைத் தழும்பில் கருப்பையின் உட்படலம் சரிவர வளராததால், அங்கு ஒட்டும் நஞ்சுக்கொடி தசைக்குள் ஊடுருவுகிறது. சில வேளைகளில் கருப்பையையும் கடந்து சிறுநீர்ப்பையைத் தொடுகிறது.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, பிரீவியா உள்ளவர்களில் முதல் சிசேரியனின்போது 3 விழுக்காட்டினருக்கு அக்ரீட்டா காணப்பட்டது. இரண்டாவதில் இது 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61 விழுக்காடாக உயர்ந்தது.

இத்தகைய நஞ்சுக்கொடியை வலிந்து பிரிப்பது ஆபத்தானது. ஆகவே பல நேரங்களில் அதனுடன் சேர்த்துக் கருப்பையையே அகற்ற நேர்கிறது. முன்பு சிசேரியன் செய்துகொண்டவர், அடுத்த கருவுறுதலில் நஞ்சுக்கொடி தழும்பின்மீது ஒட்டியுள்ளதா என ஸ்கேன் மூலம் அறிந்துகொள்வது இன்றியமையாதது. முன்கூட்டியே தெரிந்தால், போதிய இரத்தமும் அனுபவமிக்க குழுவும் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிட முடியும்.